கூட வருகிறவர் பார்த்துக்கொள்ள முடியாதவை

ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்டது என்ற செய்தி வீட்டுக்குள் நுழைந்ததும் வேலைகள் இரண்டாகப் பிரிகின்றன. பாஸ்போர்ட், பணம் கட்டுவது, தடுப்பூசி, ஹஜ் கமிட்டி அலைச்சல் எல்லாம் ஆணின் பொறுப்பு. பெண்ணின் பொறுப்பு சமையலறை: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், இறைச்சி மசாலா, வழியனுப்ப வரும் சொந்தபந்தங்களுக்கு விருந்து. “உனக்கென்ன கவலை? கூட அவர் வருகிறார், எல்லாம் பார்த்துக்கொள்வார். நீ துஆவை மட்டும் மனப்பாடம் பண்ணு” என்பதுதான் வீட்டுப் பெரியவர்கள் முதல் ஜமாஅத் நிர்வாகிகள் வரை பயணம் போகிற பெண்ணுக்குச் சொல்லும் அறிவுரை. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறான அறிவுரை. ஆயுளில் ஒருமுறை கடமையாகும் ஒரு வணக்கத்தை அந்தப் பெண் குறையோடு முடித்துவிட்டு, குறை இருப்பதே தெரியாமல் ஊர் திரும்ப வைக்கக்கூடிய அறிவுரை.

அந்தச் சமையலறையிலிருந்தே பார்க்கலாம். இறைச்சி மசாலாவில் கசகசா சேர்ப்பது நம் வீடுகளின் வழக்கம். சவூதி அரேபியாவில் கசகசா போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, கொண்டுபோவது குற்றம். ஹஜ் பயணிகளுக்கான அறிவிப்புகளில் இந்த எச்சரிக்கை தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் அறிவிப்பு போய்ச் சேருவது ஆணின் செல்போனுக்கு; பொடி அரைப்பவர் பெண். செய்தி தெரிந்தவருக்கு மசாலாவில் என்ன இருக்கிறது என்று தெரியாது, மசாலா தெரிந்தவருக்குச் செய்தி தெரியாது. தயாரிப்பை ஆணிடமே விட்டுவைப்பதன் ஆபத்து விமானம் ஏறுமுன்பே தொடங்கிவிடுகிறது.

“அவர் பார்த்துக்கொள்வார்” என்பவர்கள் மக்காவிலும் மதீனாவிலும் நடைமுறை எப்படி என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஹரமில் பாங்கு சொன்னதும் பெண்களைப் பெண்களின் பகுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மினா கூடாரங்களில் ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். மதீனாவில் ரவ்ளாவுக்குள் பெண்கள் செல்லும் நேரமும் வழியும் வேறு. நுஸுக் செயலியில் முன்பதிவு செய்து, அந்த நேரத்துக்குப் பெண்கள் வரிசையில் போய் நிற்க வேண்டும். கழிப்பறை, ஒளு செய்யுமிடம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, ஒரு நாளில் ஐந்தாறு முறையாவது கணவனும் மனைவியும் பிரிந்து, லட்சக்கணக்கான மக்களுக்கு நடுவே மறுபடி ஒருவரையொருவர் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்போது பெண்ணின் கையில் தன் செல்போனும், அதில் உள்ளூர் சிம்மும், மக்காவின் அஜீஸியா பகுதியில் தங்கியிருக்கும் கட்டடத்தின் எண்ணும், பேருந்து எண்ணும், கொஞ்சம் ரியாலும் இல்லையென்றால் அவர் தொலைந்துபோனவர். பல வீடுகளில் இவை அத்தனையும் ஒரே இடுப்புப் பையில், அதுவும் கணவரின் இடுப்பில் இருக்கின்றன.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை என்று வைத்துக்கொண்டாலும், மார்க்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே எந்த ஆணும் ஒரு பெண்ணுக்காகப் பார்த்துக்கொள்ள முடியாத பகுதி பெரிது.

இஹ்ராமை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து விமானம் நேராக ஜித்தாவுக்குப் போகிறது. எல்லையான மீக்காத்தை வானத்திலேயே கடந்துவிடுகிறது. அன்று ஒரு பெண்ணுக்கு மாதவிடாய், தொழுகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். ‘இந்த நிலையில் இஹ்ராம் கட்டக் கூடாது, குளித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவராகவே முடிவு செய்து, நிய்யத் வைக்காமல் எல்லையைக் கடந்துவிடுகிறார். கூச்சத்தால் யாரிடமும் கேட்பதில்லை. இது தவறு, திரும்பவும் மீக்காத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பரிகாரமாக ஆடு அறுக்க வேண்டும். உண்மையில் மாதவிடாயோ பிள்ளைப்பேறோ இஹ்ராமுக்குத் தடையே இல்லை. நபி (ஸல்) அவர்களின் இறுதி ஹஜ்ஜில் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) துல்ஹுலைஃபாவில், அதாவது மீக்காத்திலேயே, முஹம்மது இப்னு அபூபக்ரைப் பெற்றெடுத்தார். குளித்து, துணி கட்டிக்கொண்டு இஹ்ராம் ஏற்கும்படிதான் அவருக்குச் சொல்லப்பட்டது. அதே பயணத்தில் ஸரிஃப் என்ற இடத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மாதவிடாய் வந்து அவர் அழுதபோது, கஅபாவைத் தவாஃப் செய்வதைத் தவிர ஹாஜிகள் செய்யும் மற்ற எல்லாவற்றையும் செய்யுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். பிறகு தன் சகோதரர் அப்துர் ரஹ்மானுடன் தன்ஈம் வரை போய், அங்கிருந்து அவர் உம்ரா செய்தார். 1,400 ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகிவிட்ட இந்தச் சட்டம் தெரியாமல் இன்றும் பெண்கள் விமானத்தில் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு தவறு நம் நாட்டுப் பெண்களிடம் பரவலாக இருக்கிறது. தலைமுடி வெளியே தெரியாமலிருக்க இறுகக் கட்டிக்கொள்ளும் வெள்ளைத் துணியையே இஹ்ராம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதை அவிழ்த்தால் இஹ்ராம் முறிந்துவிடும் என்று அஞ்சி, ஒளுச் செய்யும்போது துணியின் மேலேயே ஈரக் கையால் தடவிக்கொள்கிறார்கள். இஹ்ராம் நிய்யத்தில் இருக்கிறது, துணியில் இல்லை. முடியில் ஈரம் படாவிட்டால் தலையைத் தடவும் ஃபர்ளு விடுபடுகிறது, ஒளு நிறைவேறாது. ஒளு இல்லாத தவாஃபோ ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. ஒளுச் செய்யும் பெண்கள் பகுதிக்குள் கணவர் வந்து இதைத் திருத்த முடியுமா?

கூட்டத்தில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு போ என்பது அடுத்த அறிவுரை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலானோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். அந்த மத்ஹபின் வலுவான கருத்துப்படி, மணமுடிக்க ஆகுமான ஆணின் தோலும் பெண்ணின் தோலும் நேராகப் பட்டால் இருவரின் ஒளுவும் முறியும். கணவன் மனைவிக்கும் இதே சட்டம்தான். அண்ணன் கையையோ மகன் கையையோ பிடித்தால் முறியாது, கணவர் கையைப் பிடித்தால் முறியும். கையுறை போடலாமா என்றால், அதே மத்ஹபில் இஹ்ராமில் இருக்கும் பெண்ணுக்குக் கையுறை தடை. அப்படியானால் நெரிசலில் என்ன செய்வது? அவருடைய மேல்துண்டின் நுனியையோ பையின் வாரையோ பிடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால், உலமாக்கள் வழிகாட்டுவதுபோல் இந்த விஷயத்தில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றலாம். அப்போது ஒளுவையும் ஹனஃபி முறைப்படி, தலையில் கால்பங்கு தடவி, செய்திருக்க வேண்டும். தீர்வு இருக்கிறது. ஆனால் அதைப் பயணத்துக்கு முன்பே, வீட்டில், ஆற அமர உட்கார்ந்து கற்றிருக்க வேண்டும். தவாஃப் செய்யும் இடமான மதாஃபில், முன்னும் பின்னும் தள்ளும் கூட்டத்தில், ஐந்தாவது சுற்றில் நினைவுக்கு வந்து பயனில்லை.

“எங்கள் பாட்டிமார் எந்த வகுப்புக்குப் போனார்கள்? அவர்கள் ஹஜ் செய்யவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. அந்தக் காலத்து ஹஜ் கப்பல் பயணம். பம்பாய் வரை ரயிலில் போய், கப்பலேறி, மாதக்கணக்கில் தங்கிவிட்டு வந்தார்கள். ஹஜ்ஜின் தூண்களில் ஒன்றான தவாஃபுஸ் ஸியாராவுக்கு மாதவிடாய் குறுக்கிட்டால் அவர்கள் மக்காவில் காத்திருந்து, சுத்தமானதும் செய்துகொள்ள முடிந்தது. இந்தியாவிலிருந்து ஹஜ் கப்பல்கள் 1995-ல் நின்றுபோயின. இன்று திரும்பும் விமானத்தின் நாளும் நேரமும் முன்கூட்டியே முடிவாகிவிடுகின்றன. துல்ஹஜ் 10-ல் ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் தொடங்கி, அவருடைய குழு 14-ல் கிளம்புகிறது என்றால், பாட்டிக்கு வராத ஒரு நெருக்கடி பேத்திக்கு வந்து நிற்கிறது. கடைசி விடைபெறும் தவாஃபான தவாஃபுல் விதாவுக்கு இந்த நிலையில் சலுகை உண்டு. ஸஃபிய்யா (ரலி) அவர்களுக்கு அது அனுமதிக்கப்பட்டது. ஆனால் அவர் தவாஃபுஸ் ஸியாராவை ஏற்கெனவே முடித்திருந்தார். அதை முடிக்காத பெண்ணுக்கு மத்ஹபுக்கு மத்ஹப் சட்டம் மாறுகிறது: ஷாஃபிஈயில் சுத்தம் நிபந்தனை, ஹனஃபியில் அந்த நிலையில் செய்தாலும் நிறைவேறும், ஆனால் பாவமும் ஒட்டகப் பரிகாரமும் உண்டு, கடும் நிர்ப்பந்தத்தில் இப்னு தைமிய்யா போன்றோர் தந்த தனி விளக்கமும் உண்டு. எதை எப்போது எடுப்பது என்பதை ஆலிமிடம் கேட்டு முன்பே தெரிந்துவைத்திருக்கும் பெண்ணும், விமான நிலையப் பேருந்தின் ஹார்ன் சத்தத்துக்கு நடுவே முதன்முதலாக இதைக் கேள்விப்படும் பெண்ணும் ஒன்றா?

கமிட்டி வழியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 40 நாள் தங்குகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு அந்த 40 நாளில் ஒருமுறையாவது வந்தே தீரும். நிச்சயமாக நடக்கப்போகும் ஒன்றை, நடந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைப்பது விளங்கவில்லை.

வயதான பெண்களுக்கு இந்தக் கவலை இல்லை என்பதும் பாதி உண்மைதான். ஹஜ்ஜுக்குப் போகும் பெண்களில் பலர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். மாதவிடாய் நிற்கும் முன் நாள் தவறி, நீண்டு, விட்டுவிட்டு வரும் வயது அது. ஹனஃபி மத்ஹபில் ஹைளின் (மாதவிடாயின்) அதிகபட்சம் 10 நாள், ஷாஃபிஈயில் 15 நாள். ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பெண்களுக்கும் 12-வது நாளும் இரத்தம் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹனஃபிப் பெண் குளித்துவிட்டு, தொழுகை நேரத்துக்கு நேரம் புதிதாக ஒளுச் செய்து தொழலாம், தவாஃபும் செய்யலாம். ஷாஃபிஈப் பெண் காத்திருக்க வேண்டும். அடுத்த கட்டிலைப் பார்த்துத் தன் சட்டத்தை முடிவு செய்தால் இருவரில் ஒருவர் தவறிவிடுவார். தன் வழக்கமான நாள்கள் எத்தனை, எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று ஆறு மாதமாவது குறித்துவைத்த ஒரு சின்ன நோட்டு அப்போது பெரிய துணை. அதை எந்தக் கணவரும் எழுதித் தர மாட்டார்.

மாத்திரை போட்டால் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதவிடாயைத் தள்ளிப்போடும் நார்எதிஸ்டெரோன் மாத்திரையைக் கல்யாணம், விசேஷம் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பொதுவாக எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டிய மருந்து அது. தாமதித்தால் பலன் நிச்சயமில்லை. போட்டுக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு இடையில் சிறு இரத்தக் கசிவு வரும், அதுவே அடுத்த சட்டக் குழப்பத்துக்கு வித்து. இரத்தம் உறைந்து அடைக்கும் நோய் வந்தவர்கள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் தாமாகத் தொடக் கூடாத மருந்து. இரண்டு மூன்று மாதம் முன்பே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, தேதியைக் கணக்கிட்டு, உடம்பு ஏற்கிறதா என்று அறிந்துகொண்டு போவதுதான் தயாரிப்பு. மருந்துச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். சவூதிக்குள் மருந்து கொண்டுபோக அது அவசியம்.

இதையெல்லாம் ஹஜ் விளக்க வகுப்புகளில் சொல்லித்தான் தருகிறார்களே என்று கேட்கலாம். வகுப்பில் பெண்கள் திரைக்குப் பின்னால் இருக்கிறார்கள். தல்பியா, தவாஃப், அரஃபா, கல்லெறிதல் என்று இரண்டு மணி நேரம் விரியும் பேச்சில் ஹைள் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்கிறார்கள். மைக்கில் ஆண்களுக்கு நடுவே வாசிக்கப்படும் என்று தெரிந்தும் எந்தப் பெண் தன் உதிரப்போக்கின் நாள் கணக்கை எழுதி அனுப்புவார்? வெட்கம் ஈமானில் சேர்ந்தது என்பார்கள். உண்மை. ஆனால் மார்க்கத்தைக் கற்க வெட்கம் தடையாக இருக்கவில்லை என்பதற்காகவே அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள். உம்மு சுலைம் (ரலி) நபியவர்களிடம் நேரில் வந்து, இன்றைய நம் மேடைகள் பேசத் தயங்கும் கேள்வியைக் கேட்டார். கூச்சத்தைக் காரணம் காட்டிக் கல்வியை மறுப்பவர்கள் அந்தப் பெண்களின் மரபுக்கு எதிராக நிற்கிறார்கள்.

உடம்பின் தயாரிப்பும் அப்படியே. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் சுமார் மூன்று கிலோமீட்டர். தவாஃபை மேல்தளங்களில் செய்ய நேர்ந்தால் தூரம் பல மடங்கு கூடும். மினாவிலிருந்து ஜமராத் போய் வருவது தனி. வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் அப்பால் நடந்து பழகாத, முட்டிவலியுள்ள பெண் ஒருவரை இந்தத் தூரத்துக்கு அனுப்பிவைக்கிறோம். பல சிற்றூர்களில் பெண் தனியாக நடைப்பயிற்சி போவதே பேச்சுக்கிடமாகும். மொட்டை மாடியிலாவது மூன்று மாதம் நடக்கட்டும். அங்கே போட்டுப்போகும் அதே காலணியோடு நடக்கட்டும். இஹ்ராமில் ஆணுக்கு மூடிய காலணியும் காலுறையும் கூடாது, பெண்ணுக்குக் கூடும். இந்தச் சலுகை தெரியாமல் ரப்பர் செருப்போடு போய், அதையும் பள்ளிவாசல் வாசலில் தொலைத்துவிட்டு, கொதிக்கும் தரையில் பாதம் பொத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கறுப்பு பாலியஸ்டர் புர்கா கட்டாயம் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. வெளிர் நிறப் பருத்தி உடை இஹ்ராமுக்குப் போதும்.

2024 ஜூன் 17 அன்று மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதி இல்லாமல் வந்து, நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நடந்தவர்கள். அனுமதியோடு போகிறவருக்கு ஆபத்து குறைவு, இல்லாமலில்லை. அதிலும் பெண்கள் தமக்குத் தாமே ஓர் ஆபத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள்: மினாவிலும் முஸ்தலிஃபாவிலும் கழிப்பறை வரிசையைப் பார்த்து மலைத்து, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். மயக்கமும் சிறுநீர்ப் பாதையில் தொற்றும் அங்கேதான் தொடங்குகின்றன. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குடை, தண்ணீர் தெளிக்கும் சின்னப் பாட்டில், வாசனையில்லாத சோப்பு, தேவைக்கு மேல் இரண்டு பாக்கெட் நாப்கின், உம்ரா முடிந்ததும் முடியின் நுனியை வெட்ட ஒரு சின்னக் கத்தரிக்கோல் (பெரிய பெட்டியில், கைப்பையில் கூடாது) ஆகியவை ஊறுகாய் பாட்டிலுக்கு முன் பெட்டியில் ஏற வேண்டியவை.

தவக்குலைக் காட்டி வாதிடுகிறவர்களும் உண்டு: அல்லாஹ்வின் விருந்தாளியாகப் போகிறோம், அவன் பார்த்துக்கொள்வான். இறைவன்மேல் வைத்த நம்பிக்கையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இதே வாதத்தோடு, கையில் எதுவும் எடுக்காமல் ஹஜ்ஜுக்கு வந்த யமன்வாசிகளைக் குறித்தே சூரத்துல் பகராவின் 197-வது வசனம் பயணச் சாமானை எடுத்துக்கொள்ளும்படி கட்டளையிட்டது என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்த வசனத்தில் இறையச்சமே சிறந்த சாமான் என்று வரும் பகுதியை மட்டும் மேடையில் சொல்லி, முந்தைய கட்டளையை விட்டுவிடுவது முறையல்ல. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே நடக்கும் ஸயீ யாருடைய நினைவு? ஆண் துணை இல்லாத பாலைவெளியில், அல்லாஹ் கைவிட மாட்டான் என்று உறுதியாகச் சொன்ன ஹாஜர் (அலை) அவர்கள்தான், தோல்பையில் தண்ணீர் தீர்ந்ததும் குன்றுக்குக் குன்று ஓடினார்கள். நம்பிக்கையும் முயற்சியும் ஒரே பெண்ணிடம் இருந்தன.

பெண்ணால் தனியாக முடியாது என்பதுதான் இந்த வாதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. பாபரின் மகள் குல்பதன் பேகம், அரண்மனைப் பெண்கள் குழுவொன்றோடு 1576-ல் சூரத்திலிருந்து கப்பலேறி, 1582-ல் திரும்பினார். போபாலை ஆண்ட சிக்கந்தர் பேகம் 1863-64-ல் ஹஜ் செய்து, அந்தப் பயணத்தை நூலாக எழுதினார். ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா வெட்டிய நீர்வழி நூற்றாண்டுகள் மக்காவுக்குத் தண்ணீர் தந்தது. அரச குடும்பத்தார் கதை நமக்கு எதற்கு என்றால், 2018 முதல் இந்தியாவில் 45 வயதைக் கடந்த பெண்கள் மஹ்ரம் (கணவர் அல்லது மணமுடிக்க ஆகாத நெருங்கிய ஆண் உறவினர்) இல்லாமல் குழுவாகப் போக வழி ஏற்பட்டது. 2022 அக்டோபரில் பெண்ணுக்கு மஹ்ரம் கட்டாயமில்லை என்று சவூதி அமைச்சர் தவ்ஃபீக் அல் ரபீஆ அறிவித்தார். 2023-ல் இந்தியாவிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இந்தப் பிரிவில் போனார்கள். அவர்களில் பெரும்பங்கினர் கேரளப் பெண்கள். அந்த ஆண்டு ஜூன் 8-ல் கோழிக்கோட்டிலிருந்து 145 பெண்களோடு ஒரு விமானம் புறப்பட்டது. விமானி முதல் பணிப்பெண்கள் வரை எல்லாரும் பெண்கள். மஹ்ரம் இல்லாமல் போகலாமா என்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. நம்பகமான பெண்கள் துணையோடு கடமையான ஹஜ்ஜுக்குப் போகலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. அந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றாலும், அந்த 145 பேரும் தங்கள் பாஸ்போர்ட்டையும் மருந்தையும் வழியையும் சட்டத்தையும் தாங்களே அறிந்திருக்க வேண்டியவர்கள். கணவரோடு போகிற பெண் மட்டும் ஏன் அதில் பாதியைக்கூட அறியாமல் போக வேண்டும்?

பல தம்பதிகளில் கணவர் மனைவியைவிட மூத்தவர், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர். 2024 ஹஜ்ஜில் 98 இந்தியர்கள் இறந்ததாக வெளியுறவு அமைச்சகம் ஜூன் 21-ல் சொன்னது. பார்த்துக்கொள்ள வேண்டியவரே விழுந்துவிட்டால், அவரைத் தூக்கிக்கொண்டு இந்திய ஹஜ் மிஷனின் மருத்துவ உதவியைத் தேடி ஓட வேண்டியவர் மனைவி. அந்த நேரத்தில் அவருக்குக் கணவரின் செல்போன் கடவுச்சொல்லாவது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆலிமாக்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. ஊருக்கு ஊர் பெண்கள் மதரஸாக்கள் இருக்கின்றன. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. முஸ்லிம் பெண் மருத்துவர்கள் எல்லா மாவட்டத்திலும் கிடைப்பார்கள். ஜமாஅத்தும் கமிட்டியும் டிராவல்ஸ் நிறுவனங்களும் நினைத்தால், ஓர் ஆலிமாவும் ஒரு மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து நடத்தும், பெண்கள் மட்டும் இருக்கும் முழுநாள் வகுப்பை மண்டப வாடகை, சாப்பாட்டுச் செலவிலேயே முடித்துவிடலாம். ஆண்களுக்கான வகுப்பின் ஓரத்தில் திரை கட்டி உட்காரவைத்ததை அதற்குக் கணக்குக் காட்டக் கூடாது.

அதுவரை, டிராவல்ஸில் பணம் கட்டுமுன் பெண்களே கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. குழுவில் பெண் வழிகாட்டி வருகிறாரா? அவர் ஹைள் சட்டம் படித்தவரா? எங்கள் கூடாரத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லையென்றால் யாரைக் கூப்பிடுவது, அந்த எண் எங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்குமா? தவாஃபுஸ் ஸியாரா முடிக்காத நிலையில் திரும்பும் நாள் வந்துவிட்டால் எனக்கும் என் மஹ்ரமுக்கும் டிக்கெட்டை மாற்றித் தருவீர்களா, அதற்கான செலவு யாருடையது, அதை இப்போதே எழுத்தில் கொடுப்பீர்களா?